துப்பாக்கி ஏந்திய தோட்டத்துப் பெண்கள்!

திருவாரூர் வழியாகக் கப்பலேறிய குடும்பங்களின் மக்கள் பர்மா வரை போன கதை

திருவாரூர் ரயில் சந்திப்பில் நின்று கிழக்கே பார்த்தால் ஒரு தண்டவாளம் நாகப்பட்டினத்துக்குப் போகிறது. தூரம் அதிகம் இல்லை. ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நாகை வந்துவிடும் என்று அந்தக் காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்தப் பாதை 1861-ம் ஆண்டில் போடப்பட்டது. தென்னாட்டின் பழைய ரயில் பாதைகளில் இதுவும் ஒன்று. தஞ்சைத் தரணியின் நெல்லும் அரிசியும் இதில் போயின. நெல்லோடு மனிதர்களும் போனார்கள்.

எங்கே போனார்கள்? அக்கரைச் சீமைக்கு!

தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று பல ஜில்லாக்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கங்காணி முன்னே நடப்பான். ஆண்களும் பெண்களும் துணி மூட்டையோடு பின்னே நடப்பார்கள். நாகையில் ஒரு முகாம் இருந்தது. அங்கே டாக்டர் பார்ப்பார். பெயர் எழுதுவார்கள். பிறகு கப்பல். கப்பல் போய்ச் சேரும் இடம் பினாங்கு. அங்கிருந்து மலாயா முழுவதும் உள்ள ரப்பர் தோட்டங்களுக்கு ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள்.

ஏன் போனார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. காவிரி பாயும் மண்தான். குறுவையும் சம்பாவும் விளையும் மண்தான். ஆனால் விளைந்த நெல் யார் வீட்டுக்குப் போயிற்று? நடவு நட்ட கைக்கு ஒரு காணி நிலம் சொந்தமாக இல்லை. பண்ணையில் பிறந்தவன் பண்ணையில் சாக வேண்டும். கடல் தாண்டினால் பிழைக்கலாம் என்று கங்காணி சொன்னான். நம்பிப் போனார்கள்.

அப்படிப் போனவர்களின் பெண் மக்கள், ஒரு நாள் காக்கி உடுப்பு அணிந்து, தோளில் துப்பாக்கி சுமந்து, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்துப் பர்மா வரை போனார்கள். நாகைத் துறைமுகத்தில் அழுதுகொண்டே கையசைத்த பாட்டிகள் கனவிலும் நினைத்திராத காரியம் அது.

50 சென்டும் 40 சென்டும்

தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது?

விடியுமுன் தண்டோரா மாதிரி ஒரு மணி அடிக்கும். எல்லோரும் லயத்தை விட்டு வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். இதற்குப் 'பிரட்டு' என்று பெயர். கிராணி கணக்கு எடுப்பார். பிறகு வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போக வேண்டும். இருட்டு விலகுமுன் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் நின்றுவிடும்.

பெண்களும் இதே வேலைதான் செய்தார்கள். இருட்டில் அதே பாம்பு, அதே அட்டை, அதே மலேரியா. ஆனால் கூலி? ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 சென்ட் என்றால் பெண்ணுக்கு 40 சென்ட். இது சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கு!

பெண்ணுக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. மேலே துரை. அவருக்குக் கீழே கிராணி. அவருக்குக் கீழே தண்டல். இவர்களில் யாருடைய கண் ஒரு பெண்ணின் மேல் விழுந்தாலும் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நிம்மதி போயிற்று. யாரிடம் போய் முறையிடுவது?

1938-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் ஒரு முடிவு எடுத்தது. இனிமேல் மலாயாவுக்குக் கூலியாட்களைத் திரட்டி அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. அங்கே கூலியைக் குறைத்ததுதான் காரணம். நாடு இன்னும் சுதந்திரம் அடையவில்லை. ஆனாலும் ஏழைத் தொழிலாளியின் கூலி, இரண்டு சர்க்கார்களுக்கு நடுவே வழக்காகிவிட்டது.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச்.நாதன் என்பவர் தொழிலாளருக்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். எங்கள் பெண்களின் மேல் கை வைக்கக் கூடாது என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள்! சர்க்கார் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள்.

இது நடந்து சில மாதங்களில் உலகமே தலைகீழாயிற்று.

தபால் நின்றது

1941-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தாபாரு கடற்கரையில் இறங்கியது. சிங்கப்பூரை யாராலும் பிடிக்க முடியாது என்று வெள்ளைக்காரர்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். 1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி அந்தச் சிங்கப்பூர் விழுந்தது. எழுபது நாளில் கதை முடிந்தது!

அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு விழுந்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னை நகரத்தை விட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் குண்டு விழவில்லை. ஆனால் வேறு ஒன்று விழுந்தது. மலாயாவிலிருந்து வரும் கடிதம் நின்றது. மணியார்டர் நின்றது. கப்பல் நின்றது. புருஷனையோ மகனையோ அக்கரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த பெண்களுக்கு மூன்றரை வருஷம் ஒரு சேதியும் இல்லை. உயிரோடு இருக்கிறானா, இல்லையா? தாலியை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா? யாராலும் சொல்ல முடியவில்லை. யுத்தம் என்றால் பட்டாளத்துக்காரன் மட்டும் படுவது அல்ல. தபால்காரன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவளும் யுத்தத்தில்தான் இருக்கிறாள்.

அக்கரையில் நிலைமை இன்னும் மோசம். ரப்பரை வாங்க ஆள் இல்லை. தோட்டங்கள் மூடிக் கிடந்தன. அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் வாழ்ந்தார்கள். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு, மூட்டை மூட்டையாக இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை.

அதற்கும் மேலே சயாம் ரயில் வந்தது.

சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வேண்டும் என்று ஜப்பான் முடிவு செய்தது. 1942-ல் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் முடிந்தது. கைதியான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். இது உலகத்துக்குத் தெரிந்த கணக்கு. இதைப் பற்றிச் சினிமாப் படமே எடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர் சுமார் 2 லட்சம் பேர்! அவர்களில் பல பத்தாயிரம் பேர் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குச் சரியான பதிவேடு கிடையாது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. தமிழனுக்குக் காட்டில் ஒரு குழி. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு லயங்களில் மிஞ்சியவர்கள் யார்? பெண்களும் குழந்தைகளும்தான்.

சென்னையிலிருந்து போன டாக்டர்

இந்தச் சமயத்தில்தான் 1943-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் வந்தவர் அவர். இந்திய சுதந்திர லீக்கின் தலைமை 4-ந் தேதி அவர் கைக்கு வந்தது. 9-ந் தேதி பெரிய மைதானத்தில் கூட்டம். மழை கொட்டியது. ஜனங்கள் கலையவில்லை. நேதாஜி இந்துஸ்தானியில் பேசினார். தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்.

அன்று அவர் கேட்டது பணமும் ஆளும் மட்டும் அல்ல. பெண்களுக்கென்று தனியாக ஒரு படை வேண்டும் என்றார். அதற்கு ஜான்சி ராணியின் பெயர் வைக்க வேண்டும் என்றார்.

கேட்டவர்கள் பலர் இதைப் பேச்சுக்காகச் சொன்னது என்று நினைத்தார்கள். ஆனால் மூன்றே நாளில், 12-ந் தேதி பெண்கள் கூட்டத்துக்கு நேதாஜி வந்தபோது, புடவை கட்டிய சுமார் 20 பெண்கள் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அவர்களைத் திரட்டியவர் டாக்டர் லட்சுமி.

லட்சுமி சென்னையில் 1914-ல் பிறந்தவர். தந்தை சுவாமிநாதன் பேர்போன வக்கீல். தாய் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952-ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்கும் போனார். லட்சுமி 1938-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1940-ல் சிங்கப்பூர் போனார். அங்கே ஏழைத் தொழிலாளரான இந்தியர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கு அவரிடம் நம்பிக்கை இருந்தது. அதுதான் பிறகு படை திரட்ட உதவியது.

வீடு வீடாகப் போனார். தோட்டம் தோட்டமாகப் போனார். கல்யாணம் ஆகாத பெண் என்றால் தகப்பன் சம்மதிக்க வேண்டும். கல்யாணம் ஆனவள் என்றால் புருஷன் சம்மதிக்க வேண்டும். படையில் சேர்ந்து சாகத் தயார் என்று சொல்லும் பெண்ணுக்கும் ஆணின் கையெழுத்து தேவைப்பட்டது! அந்தக் காலம் அப்படி.

ஜப்பானியர்களுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. பெண்களுக்குத் துப்பாக்கியும் ரேஷனும் கொடுப்பது வீண் என்றார்கள். முகாமுக்கு இடம் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் லீக் தலைவராக இருந்த வக்கீல் எல்லப்பா முன்னின்று ஓர் இடத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார். வாட்டர்லூ தெருவில் 1943 அக்டோபர் 22-ந் தேதி முகாம் திறக்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 150 பேர். முந்தின நாள்தான் நேதாஜி சுதந்திர இந்திய சர்க்காரை அமைத்திருந்தார். அதில் பெண்கள் இலாகா மந்திரி, லட்சுமி! அன்றிலிருந்து அவர் கேப்டன் லட்சுமி ஆனார்.

ஒரே அடுப்பு

முகாமில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியாவையே பார்த்திராதவர்கள் பலர். அப்பன் ஊர் எது என்று கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம், திருச்சிப் பக்கம் என்று சொல்வார்கள். அவ்வளவுதான் தெரியும். கண்ணால் காணாத அந்த நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் புறப்பட்டார்கள்.

அவர்களோடு பணக்கார வீட்டுப் பெண்களும் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. நேதாஜியின் பேச்சைக் கேட்டு, போட்டிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். ஈப்போவில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண் ராசம்மாவுக்கு 16 வயது. தமக்கை பொன்னம்மாளோடு சேர்ந்தார்.

காலையில் எழுந்ததும் கொடி வணக்கம். பிறகு தேகப் பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், பயனெட்டுக் குத்து, காட்டு யுத்தம். கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். அதை ரோமன் எழுத்தில் எழுதிக் கற்றுக் கொடுத்தார்கள். 'அ' எழுதத் தெரியாமல் வந்தவர்கள் அங்கேதான் முதன்முதலில் ஸ்லேட்டையும் புத்தகத்தையும் தொட்டார்கள். நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். புடவையை மடித்து வைத்துவிட்டு அரைக்கால் சட்டையும் காலணியும் போட்டார்கள். பிரட்டுக்குப் பயந்து வரிசையில் நின்ற கால்கள், இப்போது தாமே விரும்பி வரிசையில் நின்றன.

சமையல் எல்லோருக்கும் ஒரே அடுப்பில். பந்தி ஒன்று. அவள் இன்ன சாதி, இவள் இன்ன மதம் என்ற கேள்வி இல்லை. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்த 1943-ல் இப்படி ஒரு பந்தியைக் கற்பனை செய்ய முடியுமா? துப்பாக்கி தூக்கியதைவிட இந்தச் சாப்பாடுதான் பெரிய புரட்சி என்று சொன்னாலும் தவறில்லை.

எல்லோரும் தேசபக்தியால் மட்டும் வந்தார்களா? அப்படிச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பசியால் வந்தவர்கள் உண்டு. வீட்டார் ஐ.என்.ஏ.யில் இருந்தால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்று எண்ணி வந்தவர்கள் உண்டு. கிராணியின் அதிகாரத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று வந்தவர்களும் உண்டு. அதனால் அவர்களுடைய துணிச்சல் குறைந்துவிடாது. மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரே ஒரு காரணத்துக்காக வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை.

மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? ஆயிரம் பேர் என்று சொல்கிறார்கள். அதில் பாதி கூட வராது என்று கணக்கிட்ட ஆராய்ச்சியாளரும் உண்டு.

எதிரிக்கு எதிரி

இங்கே ஒரு சிக்கலான கேள்வி வருகிறது.

அப்பனையும் அண்ணனையும் சயாம் காட்டுக்குப் பிடித்துப் போனவன் ஜப்பான்காரன். அதே ஜப்பானோடு கைகோத்துக்கொண்டு பிரிட்டனோடு சண்டை போட்டது ஐ.என்.ஏ. இது எப்படிச் சரியாகும்?

எதிரிக்கு எதிரி நண்பன் என்பது நாடுகளுக்கு இடையே பழைய கணக்கு. இந்தியாவை ஆளுபவன் பிரிட்டிஷ்காரன். அவனை அடிக்கப் பலம் உள்ளவன் ஜப்பான்காரன். அவனிடம் ஆயுதம் வாங்கி நம் வீட்டை மீட்போம் என்பது நேதாஜியின் எண்ணம். காந்திஜியும் நேருஜியும் இந்த வழியை ஏற்கவில்லை. ஒரு எஜமானை விரட்ட இன்னொரு எஜமானை அழைத்து வரலாமா என்று கேட்டார்கள்.

ஜப்பானியப் படை போன இடமெல்லாம் பெண்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் பெண்களைப் பிடித்துப் போய்ப் படை முகாம்களில் அடைத்துச் சிறுமைப்படுத்தினார்கள். ஐம்பது வருஷம் அதைப் பற்றி வெளியே பேச்சே இல்லை. கிம் ஹக்-சூன் என்ற கொரிய மூதாட்டி 1991-ல்தான் தம் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, நடந்ததைப் பேசினார். 1993-ல் ஜப்பான் சர்க்கார் வருத்தம் தெரிவித்தது.

ஜான்சி ராணிப் படை முகாமின் வாசலில் காவல் கடுமையாக இருந்தது. வெளி ஆண் யாரும் உள்ளே வர முடியாது. ஊரார் பேச்சுக்கு இடம் தரக் கூடாது என்பதில் நேதாஜியும் கேப்டன் லட்சுமியும் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். பெண்ணை அனுப்பிய தகப்பன்மார் நிம்மதியாகத் தூங்கியதற்கு அதுவே காரணம்.

ஆனாலும் அந்தக் கேள்வி தீரவில்லை. 1944-ல் அந்தப் பெண்களைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். எந்த வழியாக? சயாம் ரயில் பாதை வழியாக! கூட்ஸ் வண்டியில் உட்கார்ந்து போனார்கள். பாதையின் இரு பக்கமும் காடு. அந்தக் காட்டில் யாருடைய அப்பன் புதைந்து கிடக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? வண்டி போய்க்கொண்டே இருந்தது.

போர்முனைக்கு அனுப்பு!

ரங்கூனில் ஒரு முகாம். வடக்கே மேமியோவில் ஒரு முகாம். இம்பால் விழுந்ததும் இந்திய மண்ணில் முதலில் கால் வைப்பது தாங்களாக இருக்க வேண்டும் என்று பெண்கள் துடித்தார்கள். போர்முனைக்கு அனுப்பும்படி ரத்தத்தால் கையெழுத்திட்டு நேதாஜிக்கு மனு கொடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

இம்பால் விழவில்லை. 1944 மார்ச்சில் தொடங்கிய படையெடுப்பு ஜூலையில் முறிந்தது. மழை பெய்தது. அரிசி வரவில்லை. மருந்து வரவில்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் துப்பாக்கியைவிட அதிகம் பேரைக் கொன்றன. எலும்பும் தோலுமாகச் சிப்பாய்கள் திரும்பி வந்தார்கள்.

பெண்கள் துப்பாக்கியைச் சாத்தி வைத்துவிட்டுப் புண்ணைக் கழுவினார்கள். மேமியோ ஆஸ்பத்திரியில் இரவு பகலாக வேலை. வானத்திலிருந்து குண்டு விழும்போது நோயாளியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓட வேண்டும். போருக்குப் போகிறோம் என்று வந்தவர்களுக்கு நர்ஸ் வேலைதானா கிடைத்தது என்று சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். குண்டு விழும் இடத்தில் கட்டுப் போடுபவளின் உயிர் மட்டும் வெல்லமா என்ன?

1945 ஏப்ரல் 24-ந் தேதி நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். பர்மாவைச் சேர்ந்த பெண்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மலாயாப் பெண்களை விட்டுவிட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை. அவர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். ஜானகி தேவர் அவர்களுக்குத் தலைவி.

பகலில் விமானம் துரத்தும். ஆகையால் பகலெல்லாம் மரத்தடியில் ஒளிந்து கிடப்பார்கள். இரவில் நடப்பார்கள். லாரிகள் சேற்றில் சிக்கின. ஆறுகளை இருட்டில் கடந்தார்கள். சித்தாங் நதியைத் தாண்டியபோது பெண்களை முதலில் அனுப்பிவிட்டே நேதாஜி தாண்டினார். அவர் காலெல்லாம் கொப்புளம். கார் தருகிறோம் என்று ஜப்பானியர் சொன்னார்கள். பெண்கள் நடக்கும்போது நான் காரில் போவதா என்று மறுத்துவிட்டார். மூல்மீனுக்குப் போய், அங்கிருந்து ரயிலிலும் நடையிலுமாகப் பாங்காக் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று.

எல்லோரும் தப்பவில்லை. வேறு ஒரு குழு போன ரயில் தாக்கப்பட்டது. ஜோசபின், ஸ்டெல்லா என்ற இரு பெண்கள் மாண்டார்கள். அந்தப் படையில் குண்டுக்குப் பலியானவர்களின் பெயராக இன்று சொல்லப்படுவது இந்த இரண்டு பெயர்தான்.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. காக்கி உடுப்பை எரித்துவிட்டு அல்லது புதைத்துவிட்டுப் பெண்கள் மறுபடி புடவை கட்டினார்கள். லயத்துக்குத் திரும்பினார்கள். வாளியை எடுத்தார்கள்.

திரும்பிய பிறகு

தலைவிகளைப் பற்றி உலகத்துக்குத் தெரியும். கேப்டன் லட்சுமி பர்மாவில் பிடிபட்டு 1946-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஐ.என்.ஏ. தளபதி பிரேம் சைகலை 1947-ல் மணந்து கான்பூரில் குடியேறினார். அங்கே ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1971-ல் வங்காள அகதிகள் வந்தபோது அவர்கள் முகாமுக்கு ஓடினார். 1984-ல் போபாலில் விஷவாயு பரவியபோது அங்கே போனார். 2002-ல் ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். 2012-ல் தமது 97-வது வயதில் காலமானார். சாகும் வரை அவரை எல்லோரும் கேப்டன் என்றே அழைத்தார்கள்.

ஜானகி, 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதில் முன்னின்றார். ஆதி நாகப்பன் என்பவரை மணந்தார். மலேசியாவின் மேல்சபையிலும் உறுப்பினராக இருந்தார். 2000-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2014-ல் மறைந்தார்.

ராசம்மா ஆசிரியை ஆனார். பள்ளிக்கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பாடத்தை நடத்தினார்கள். சம்பளம் மட்டும் வேறு! தோட்டத்தில் 50 சென்டும் 40 சென்டுமாக இருந்த அதே கணக்கு, கரும்பலகைக்குப் பக்கத்திலும் இருந்தது. அவர் சும்மா இருப்பாரா? 1960-ல் ஆசிரியைகளுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடினார். கிடைத்தது.

மற்றவர்கள்? பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான தோட்டத்துப் பெண்கள்? அவர்கள் பால் வெட்டினார்கள். பிள்ளை பெற்றார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். எழுதத் தெரிந்தவர்களின் கதை புத்தகம் ஆயிற்று. எழுதத் தெரியாதவர்களின் கதை அவர்களோடு போயிற்று. சயாம் ரயிலில் கல்லறை யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தோமே, அதே நியாயம்தான் இங்கும்.

அந்த யுத்தத்தில் ரஷ்யாவில் சுமார் 8 லட்சம் பெண்கள் படையில் பணியாற்றினார்கள். விமானம் ஓட்டினார்கள், பீரங்கி சுட்டார்கள். சண்டை முடிந்ததும் அவர்களையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நம் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் ராணுவத்தில் பெண் என்றால் டாக்டர், நர்ஸ் என்ற அளவில்தான் இருந்தது. மற்றப் பிரிவுகளில் பெண் அதிகாரிகளைச் சேர்த்தது 1992-ல். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் சென்னை, பரங்கிமலைப் பக்கம். வாட்டர்லூ தெருவில் முகாம் திறந்ததற்கும் இதற்கும் நடுவே 49 வருஷம்! ஆண்களைப் போல் அவர்களும் நிரந்தரமாக வேலையில் இருக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2020-ல்.

உலக சபையும் மெதுவாகத்தான் விழித்தது. ஐ.நா. பொதுச் சபைக்கு 1953-லேயே விஜயலட்சுமி பண்டிட் தலைவராக இருந்தார். ஆனால் யுத்தத்தில் பெண்களைக் காப்பாற்ற வேண்டும், சமாதானம் பேசும் மேஜையில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் தீர்மானம் போட்டது 2000-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி. அது 1325-வது தீர்மானம். அதற்கு முன் போட்ட 1,324 தீர்மானங்களில் இதற்கென்று ஒன்று இல்லை.

2007-ல் ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டுக்கு இந்தியா ஒரு போலீஸ் படையை அனுப்பியது. உள்நாட்டுச் சண்டையில் நொறுங்கிக் கிடந்த நாடு அது. நூற்றுக்கு மேற்பட்ட இந்தியப் பெண் போலீசார் நீலத் தொப்பியும் துப்பாக்கியுமாக அங்கே காவல் நின்றார்கள். ஐ.நா. அமைதிப் பணிக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட படை போனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அவர்களைப் பார்த்து அந்த ஊர்ப் பெண்களும் போலீசில் சேர வந்தார்கள். மாற்றி மாற்றிப் படைகள் போய், 2016-ல்தான் கடைசிப் படை திரும்பியது.

இப்போது திருவாரூரிலிருந்து நாகைக்கு அகலப் பாதையில் ரயில் போகிறது. கங்காணி இல்லை. முகாம் இல்லை. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த 'ரஜுலா' கப்பல் 1973-ல் ஓய்ந்தது. 2023 அக்டோபரில் நாகைத் துறைமுகத்திலிருந்து மறுபடி ஒரு பயணிகள் கப்பல் புறப்பட்டது. அது போன இடம் இலங்கையின் காங்கேசன்துறை. அங்கேயும் ஒரு நீண்ட யுத்தம் நடந்து முடிந்திருந்தது. அங்கேயும் காணாமல் போன மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள்.